செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர்கள், ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆள் கடத்தல் என்றால் முன்பின் தெரியாதவன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது என்றே நம் ஊர்களில் இன்னும் பலர் எண்ணுகின்றனர். திண்டுக்கல், ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்து நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் புரோக்கரோ பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவர், சில வேளை உறவினர். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், மதிப்பெண் குறைந்த வீடுகளைத் தேடி அவர் வந்துவிடுகிறார். ஆகவே இவ்வாண்டு மே மாதப் பணிக்கே நிர்வாகக் குழு முதலிடம் அளித்தது. தவறிய மாணவியர் துணைத்தேர்வு எழுதும்வரை கணிதம், அறிவியல் பாடங்களுக்கு மாலை வகுப்பு நடத்தினோம். சுவரொட்டிகளைவிட இவ்வகுப்பே அதிகம் பயன் தந்தது என்பது என் கருத்து.

வகுப்பில் ஒரு நாள், 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் முன்பு ஊர் ஊராக விநியோகிக்கப்பட்டதைப் போன்றதொரு துண்டறிக்கையைப் பலகையில் எழுதிப்போட்டோம். மூன்றாண்டு வேலை, தங்குமிடம், மூன்று வேளை உணவு, முடிவில் திருமணத்திற்கு 50,000 ரூபாய். அத்தொகையை 36 மாதங்களால் வகுக்கச் சொன்னபோது, மாதம் 1,389 ரூபாய் என்று விடை வந்தது. மாதந்தோறும் கைக்கு வர வேண்டிய கூலியில் பிடித்துவைத்த பணமே சீதனம்போல் திருப்பித் தரப்படுகிறது என்பதையும், இடையில் நோயால் திரும்பினால் அதுவும் கிடைக்காமல் போகும் என்பதையும் மாணவியரே எடுத்துரைத்தனர். கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்கள் சிலர், முன்பணம் வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டால் என்ன செய்வது என்று வினவினர். 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அத்தகைய கடன் செல்லாது என்றும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 143 ஆம் பிரிவு, கடத்தப்பட்டவரின் சம்மதத்தைப் பொருட்படுத்துவதில்லை என்றும் விளக்கினோம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவி கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இது சிறு தொகையன்று. விண்ணப்பம் நிரப்பவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் உறுப்பினர்கள் உதவினர். தையல் பயிற்சி மட்டும், ஆசிரியை அமையாததால், பாதியில் நின்றது.

இளைஞர்களுக்கென ஒரு கூட்டமே நடத்த முடிந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டதை எடுத்துக்காட்டி, சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவரை நம்பலாகாது என்றும், முகவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும் என்றும் கூறினோம்.

வரும் ஆண்டில் மே மாத வகுப்பை ஏப்ரலிலேயே தொடங்கவும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு நியாயவிலைக் கடையிலும் எழுதிவைக்கவும் ஒப்புதல் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்