கிரீன்லாந்துப் பனியில் கைகொடுத்தவருக்கு

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள், அதனால்தான் இந்தப் பதிவு. கிரீன்லாந்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடப்பவர்களுக்குக் கடைசி நாள் சுலபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நடுவே சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் வரும் சமவெளியைவிட இந்த மேற்கு விளிம்புதான் ஆளை உலுக்கிவிடும். முடிவிடமான பாயின்ட் 660 பக்கத்தில்தான், ஆனால் நேர்வழி கிடையாது. மேடும் பள்ளமுமாக வெறும் பனிக்கட்டி, பிளவுகள், உருகுநீர் ஓடைகள். பனிச்சறுக்குக் கட்டையைக் கழற்றிவிட்டு கிராம்பானோடு (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) நடந்தால், பின்னால் இழுத்துவரும் சுமை ஸ்லெட் மேட்டுக்கு மேடு கவிழும்.

எதிரே ஏறிவந்த உங்களுக்கு அது பயணத் தொடக்கம், நியாயமாகத் தெம்பைச் சேமிக்க வேண்டிய நேரம். சுமையை அப்படியே போட்டுவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கயிறு வீசி என் ஸ்லெட்டை இழுத்தீர்கள். அப்புறம் அடுத்த ஓடை எங்கே குறுகுகிறது என்று கைத்தடியால் கோடு போட்டுக் காட்டினீர்கள். அது இல்லாவிட்டால் அன்றிரவும் கூடாரம்தான். (1888-ல் முதன்முதலாகக் கடந்த நார்வேக்காரர் நான்சென் குழுவுக்கு எதிரே வர ஆளே இல்லை, பாவம்.)

ரொம்ப நன்றி. கிழக்குக் கரைக் கிராமமான இசோர்டோக் வரை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் கயிற்றுக் கொக்கி ஒன்று என் ஸ்லெட்டிலேயே மாட்டியிருக்கிறது, சொன்னால் அனுப்பிவைக்கிறேன்.