அந்த நூல் ஒட்டிய அட்டைக்கு நன்றி, மேடம்

பார்வையில்லாத எனக்கு பி.காம். முதலாண்டில் பேரேடு (கணக்குவாரியாகப் பதியும் ஏடு) என்றாலே அழுகை வரும். ‘தமிழ் எடுத்திருக்கலாமே’ என்றவர்கள்தான் அதிகம்.

விடுப்பில் போன சாருக்குப் பதிலாக இரண்டே மாதம் வந்தீர்கள். அட்டையில் ‘டி’ வடிவில் நூல் ஒட்டி, என் விரலைப் பிடித்து வைத்தீர்கள். “இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. தடவிப் பாரும்மா.” இங்கே ஒரு புளியங்கொட்டை வைத்தால் அங்கேயும் ஒன்று. இரட்டைப் பதிவு அன்றுதான் கைக்குள் வந்தது.

தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கேட்பது என் உரிமை என்று சொன்னதும் நீங்கள்தான். எனக்காக எழுதுபவரிடம் ‘நாள், விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்று, வரவு’ என்று கட்டம் கட்டமாகச் சொல்லவும் பழக்கினீர்கள்.

நேற்று கடைசித் தேர்வு, மேடம். இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் சரியாக வந்தது. மனமார்ந்த நன்றி. அட்டை என்னிடம்தான் இருக்கிறது.