ஆத்தங்கரை சீரமைப்பு வேலை முடிஞ்சாச்சு: கமிட்டி ரிப்போர்ட்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வளைவுல ஆரம்பிச்சு பாலம் வரைக்கும் நாம ஒத்துக்கிட்ட பகுதியில வேலை முடிஞ்சிருச்சு. வரவு செலவு கணக்கு தனியா அனுப்பியாச்சு, அதனால இங்க அது வேண்டாம். என்ன செஞ்சோம், எதை வேணும்னே செய்யாம விட்டோம்னு மட்டும் சொல்லிடறோம்.

மொதல்ல குப்பை. போட்டோவுல நல்லா வந்தது இதுதான், ஆனா ஆத்துக்கு இதனால கிடைச்ச லாபம் கம்மிதான்னு கமிட்டியில எல்லாருக்கும் தெரியும். பாட்டில் பொறுக்குறது சுலபம், துணிதான் உயிரை எடுத்துச்சு. சேத்துக்கு மேல ஒரு சாண் தெரியும், இழுத்தா வராது, சுத்தி மம்பட்டியால வெட்டி, ஒருத்தர் கீழ இருந்து தூக்க இன்னொருத்தர் மேல இருந்து இழுத்தா ஒரு மூட்டை மண்ணோட வெளிய வரும். 1986ல டெக்சாஸ் கடற்கரையில ஆரம்பிச்ச கிளீனப்ல, அள்ளுனதை எடை போடறதோட விடாம என்ன சாமான் எத்தனைன்னு கார்டுல குறிச்சாங்க, அதே பழக்கத்தை நாமளும் எடுத்துக்கிட்டோம். குறிச்சு வச்சதனாலதான் பாதிக்கு மேல சின்ன பாக்கெட்னு தெரிஞ்சுது. அதை ரீசைக்கிளுக்கு யாரும் வாங்க மாட்டாங்க, ஒவ்வொண்ணும் பல லேயர் ஒட்டுன ஷீட்.

ஆகாயத்தாமரையை கையாலயே எடுத்தோம். மெஷின் வச்சா சீக்கிரம் முடியும்தான், ஆனா அது வெட்டித் தள்ளுற ஒவ்வொரு துண்டும் மறுபடி செடியாயிடும். ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகுற ஜாதி அது. வேர்ல மீன்குஞ்சு ஒட்டிக்கிட்டு வரும், அதை தண்ணியிலயே நல்லா உதறிட்டுத்தான் கரைக்கு இழுக்கணும்னு புதுசா வந்த பசங்களுக்கு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுது. குவியலையும் வெள்ளம் எட்டாத மேட்டுலதான் போட்டிருக்கோம். விதை சேத்துக்குள்ள 20 வருஷம் வரைக்கும் கூட உசுரோட கிடக்கும், அதனால மறுபடி முளைச்சா யாரும் கமிட்டியைத் திட்டாதீங்க.

கரை விஷயத்துலதான் சண்டை வந்துச்சு. பொக்லைன் விட்டு ஒரே நேர்கோடா சீவிடலாம், பார்க்க அழகா இருக்கும்னு சில பேர் சொன்னாங்க, நாங்க ஒத்துக்கல. நேராக்குனா தண்ணி வேகம் பிடிச்சு கீழ இருக்கிறவங்க கரையை அரிக்கும், அதுபோக செங்குத்தா நிக்கிற அந்த மண் கரையிலதான் மீன்கொத்தி பொந்து போட்டிருக்கு. அரிப்பு இருக்கிற இடத்துல மட்டும் வெட்டிவேர் நட்டிருக்கோம், ஒரு நாத்துக்கும் அடுத்ததுக்கும் ஒரு சாண் கூட இடைவெளி இல்லாம, சரிவுக்கு குறுக்கால வரிசையா. வேர் 3 மீட்டர் கூட இறங்கும், ஆனா அதுக்கு டைம் ஆகும், அதுவரைக்கும் ஆடு மாடு ஏறாம பார்த்துக்கணும்.

உண்மையிலேயே பலன் குடுத்தது, சாக்கடைத் தண்ணி ஆத்துல விழுந்த வடிகால் வாயை மாத்த வச்சதுதான். அதை மாத்தச் சொல்லி போட்டோவோட குடுத்த மொத மனு எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம் வடிகாலுக்கு மேலயும் கீழயும் ஒரே நேரத்துல தண்ணி எடுத்து ஆக்சிஜன் டெஸ்ட் பண்ணி, அந்த நம்பரை டேபிளா போட்டு குடுத்தோம், பைப்பை கழிவுநீர் லைன்ல சேர்த்துட்டாங்க. டெஸ்ட் எல்லாமே விடியறதுக்கு முன்னாடி எடுத்தது. ஏன் இப்படி தூக்கத்தை கெடுக்குறீங்கன்னு கேட்டவங்களுக்கு: பகல்ல பாசி ஆக்சிஜன் விடும், மத்தியானம் அளந்தா சாக்கடை கூட நல்ல மார்க் வாங்கிடும். ராத்திரி பூரா பாசியும் பாக்டீரியாவும் அதை எடுத்துக்கிட்டு விடியறப்பதான் ரொம்ப கம்மியாகும், மீன் சாகறதும் அப்பதான். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு கீழ போனா மீனுக்கு கஷ்டம், 2க்கு கீழன்னா தாங்காது.

இப்போ மேல் பக்கம் கல்லைப் புரட்டினா மூணு வாலோட மேஃப்ளைங்கிற பூச்சியோட குஞ்சு கிடைக்குது, அது கெட்ட தண்ணியில நிக்காது. பாலத்துக்கிட்ட இன்னும் சிவப்பு புழுதான் ஜாஸ்தி. அதுக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் இருக்கு, ஆக்சிஜன் கம்மியான சேத்துலயும் சமாளிச்சுக்கும். அதனால வேலை முடிஞ்சதுன்னு சொல்றோமே தவிர ஆறு சரியாயிடுச்சுன்னு இந்த ரிப்போர்ட்ல எங்கயும் எழுதல, நோட்டீஸ்ல போடறவங்களும் அப்படிப் போட வேண்டாம்.

இனிமே மாசம் ஒரு தடவை விடியக்காலை டெஸ்ட், மழை முடிஞ்சதும் முளைச்சு வர்ற ஆகாயத்தாமரையைப் பிடுங்கறது, வெட்டிவேரை மேலாக்க கத்தரிச்சு விடறது, இந்த மூணுதான் பாக்கி. டெஸ்டுக்கு ஆள் கம்மியா இருக்கு, சீக்கிரம் எந்திரிக்கிறவங்க பேர் குடுங்க. முழங்கால் பூட்ஸ் வாங்கிட்டுப் போனவங்க கழுவி காயவச்சு திருப்பிக் குடுத்துடுங்க, ஜோடியா.

இப்படிக்கு,
கமிட்டி