பாலத்தின் இரு பக்கமும் இரண்டு கடல்

மண்டபம்,
ஆடி மாதம்.

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை நீக்கிய பிறகு பார்வை தெளிந்துவிட்டது என்றும், பழையபடி மேசையில் உட்கார்ந்து நுணுக்க வேலை செய்ய முடிகிறது என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். மருமகனுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிவிட்டது. பேரன் மட்டும் என்னிடம் இருந்து படிக்கிறான். பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியையும் அதன் இரு புறத்துச் சில கண்களையும் (தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளையும்) 1:160 அளவில் மாதிரியாகச் செய்து முடித்துவிட்டாய், இனிக் கடல் ஒன்றுதான் பாக்கி என்கிறாய். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தை முழுதாகச் செய்திருந்தால் 12 மீட்டருக்கு மேல் மேசை வேண்டியிருக்கும்; நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. 1914 முதல் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்த பாலம் அது. 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறந்தபின் இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லோரும் புதியதையே படமெடுக்கிறார்கள். பழையதை ஒருவர் ஆணி ஆணியாகச் செய்துவைப்பது எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது.

தண்ணீராகத் தெரிய ஊற்றி இறுகவைக்கும் பிசினான ரெசினில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். அதைப் பின்னால் எழுதுகிறேன். அதற்கு முன் நீ முடிவு செய்ய வேண்டியது, எந்த மாதத்துக் கடலைச் செய்யப்போகிறாய் என்பதைத்தான். பாலம் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நம் ஊர்க்காரர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வது உனக்கு நினைவிருக்கும். இப்போது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசுகிறது; தென்பக்கம் அலை எழுந்து தூண்களில் மோதுகிறது, வடபக்கம் கரையோரத்தில் நீர் அடங்கிக் கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று அடிக்கும்போது இது அப்படியே தலைகீழாகும். பாலத்தின் இரு பக்கமும் ஒரே பச்சை, ஒரே சிற்றலை என்று செய்துவிட்டால், இந்தக் கரையில் பிறந்தவன் எவனும் அதைப் பாம்பன் என்று ஒப்புக்கொள்ள மாட்டான். மாதத்தை முடிவு செய்துவிட்டால் காற்றின் திசை தெரிந்துவிடும். காற்று தெரிந்தால் அலை எந்தப் பக்கம் போகிறது, நுரை எங்கே நிற்கிறது, தூண்களுக்கு இடையே நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பவை எல்லாம் தாமாகவே வந்து சேரும். கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்காகவும், வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்காகவும் ஓட்டம் இருக்கும்.

அடுத்தது அடித்தளம். மாதிரி செய்கிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீரை ஊற்றுகிற பொருளைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தண்ணீருக்கு அடியில் இருப்பதற்குத்தான் முக்கால் பங்கு உழைப்பைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நேர் மேலிருந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. மீதி உள்ளே இறங்கி, அடிமணலில் பட்டுத் திரும்பி வந்து நம் கண்ணைச் சேர்கிறது. போகிற வழியில் சிவப்பு ஒளியை நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வதால், வெள்ளை மணலின் மேல் ஆழமில்லாத இடம் இளம்பச்சையாகவும், ஆழம் கூடக் கூட நீலமாகவும் தெரிகிறது. மிகவும் சாய்வாகப் பார்க்கும்போது நிலைமை மாறுகிறது: பரப்பு கண்ணாடியாகி வானத்தைக் காட்டுகிறது, அடி மறைந்துவிடுகிறது. ஆகவே உன் மாதிரியைப் பார்ப்பவர்கள் நின்றுகொண்டு குனிந்து பார்ப்பார்களா, கண்மட்டத்தில் பார்ப்பார்களா என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ரயில் பாலத்தைப் பார்த்த காட்சிதான் பெரும்பாலோர் மனத்தில் இருக்கிறது. அந்தப் பார்வைக்கு மேசை இடுப்பு உயரத்தில் இருந்தால் சரியாக அமையும். அப்போது அடித்தளம்தான் எல்லாமே.

பிளைவுட்டின் மேல் வால் புட்டியால் மேடுபள்ளம் அமைத்து, நன்றாக உலர்ந்தபின் வண்ணம் தீட்டு. கரை மணல் போட வேண்டாம். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குள்ள மணல் பருக்கை உன் அளவில் 5 சென்டிமீட்டர் கூழாங்கல்லாகிவிடும். போதாததற்கு அதில் உப்பும் இருக்கும். வாசலில் போடுகிற வெள்ளைக் கல்மாவுக் கோலப்பொடியை மெல்லிய துணியில் சலித்து, நீர் கலந்த ஃபெவிகாலின் மேல் தூவினால் மணல்திட்டு அச்சாக வந்துவிடும். கடற்புல் படர்ந்த இடங்களைக் கரும்பச்சையும் பழுப்பும் கலந்து, ஓரம் தெளிவாகத் தெரியும்படி திட்டுத்திட்டாக வை. மணலுக்கும் புல்லுக்கும் இடையே அந்த எல்லை நம் கடலில் வெட்டினாற்போலத்தான் இருக்கிறது. பாலத்தடிப் பாறைகளுக்கு ஸ்பாஞ்சுத் துண்டுகளும் பிளாஸ்டரும் போதும். யாராவது உண்மையான பவளத்துண்டு கொடுத்தால் வாங்காதே. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது காக்கப்பட்ட உயிர், வைத்திருப்பதே குற்றம்.

இனி ரெசின். இங்கே ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசின் விலை மலிவு என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வேண்டாம். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும், நாற்றம் வீடு முழுக்க நிற்கும், சேர்க்கிற கோபால்ட் காரணமாகத் தெளிவும் கெடும். நிறமற்ற எபாக்ஸி வாங்கு. ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் எந்த விகிதத்தில் என்பதோடு, அந்த விகிதம் எடையிலா கொள்ளளவிலா என்பதையும் டப்பாவில் பார்த்துக்கொள், இரண்டும் ஒன்றல்ல. சாதாரணமாகக் கிடைக்கும் எபாக்ஸியை ஒரு முறைக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஊற்றாமல், ஒன்று இறுகியபின் அடுத்ததாக ஊற்றுவது நல்லது. இறுகும்போது அது தானே சூடாகும். குவளையில் மொத்தமாக நின்றால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகிப் புகையவும் செய்யும். நம் வெயிலுக்கு இது இரட்டிப்பு உண்மை, ஆகவே சிறிது சிறிதாகக் கலந்துகொள். மழை ஈரம் உள்ள நாளில் ஊற்றினால் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து மேற்பரப்பில் பிசுபிசுப்பான மங்கல் படலத்தை உண்டாக்கும். உச்சிவெயில் நேரத்தில், அறைக்குள் செய். ஊற்றுவதற்கு முன் பிளைவுட்டின் ஓரம், மூட்டு எல்லாவற்றையும் அடைத்துவிடு. ஊசித்துளை போதும், இரவோடிரவாகக் கடல் தரையில் இறங்கிவிடும். நிறத்தைப் பொறுத்தவரை, குச்சி நுனியில் தொட்டெடுத்த நீலப்பச்சை போதும், அதுவும் கீழ் அடுக்குகளுக்கு மட்டும். கையுறை போடாமல் தொடாதே, பேத்தியைப் பக்கத்தில் விடாதே. தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க விடாது. அவளுக்கு வள்ளங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையைக் கொடு.

ரெசின் தூண்களில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் மேலேறி நிற்கும். உன் அளவில் அது 16 முதல் 32 சென்டிமீட்டர் வரை. நீரின் பரப்பு இழுவிசை அளவுக்கேற்பச் சுருங்குவதில்லை என்பதுதான் காரணம். உண்மைத் தண்ணீரையே ஊற்றினாலும் மாதிரியில் பொய்யாகத் தெரிவது இதனால்தான். பாம்பனில் ஓதத்துக்கும் வற்றுக்கும் (கடல்நீர் ஏறி நிற்பதற்கும் இறங்கி நிற்பதற்கும்) உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்குள்ளேயே இருப்பதால், தூண்களில் சிப்பியும் பாசியும் படிந்த கரும்பட்டை 5 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அந்தப் பட்டையைத் தீட்டிவிட்டால் மேலேறிய விளிம்பு அதற்குள் மறைந்துவிடும்.

அலைகளை ரெசினில் செய்ய முடியாது. கூழ்போல் கெட்டியாக இருந்து உலர்ந்தபின் தெளியும் அக்ரிலிக் ஜெல் மீடியம் வேண்டும். ஓர் அலையின் உயரம் அதன் நீளத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் அது நிற்காமல் உடைந்துவிடும் என்பது இயற்கையின் கணக்கு. தென்பக்கத்தில் ஒரு மீட்டர் அலை என்று வைத்துக்கொண்டால், உன் மேசையில் அதன் உயரம் 6 மில்லிமீட்டர். இரண்டு முகடுகளுக்கு இடையே நாலரை சென்டிமீட்டராவது இருந்தே தீர வேண்டும், 10 சென்டிமீட்டர் இருந்தால் இயல்பாகத் தெரியும். கண்காட்சிகளில் நான் பார்க்கும் கடல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன: நெருக்க நெருக்கமாகக் கூரான அலைகளை நிறுத்திவிடுகிறார்கள், கப்பல் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்குக்கு வரும்போது அலை உடையும் என்பதையும் நினைவில் வை. உன் 6 மில்லிமீட்டர் அலை, அடி மேடிட்டு ஆழம் 8 மில்லிமீட்டராகக் குறைந்த இடத்தில்தான் நுரைக்க வேண்டும். மற்ற இடங்களில் முகட்டில் வெள்ளைக் கீற்று போதும்.

நேற்று மாலை தென்பக்கத்தில் ஒரு தூணையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டம் வந்து மோதும் முகத்தில் நீர் சிறிது புடைத்து நிற்கிறது. அங்கிருந்து இரண்டு கோடுகள் பக்கவாட்டில் விரிந்து போகின்றன. தூணுக்குப் பின்னால் சிற்றலையே இல்லாத வழவழப்பான ஒரு பட்டை, அதன் ஓரங்களில் மாறி மாறிச் சுழிகள். சுழியின் நடுவில் நுரை சேர்கிறது, புடைப்பில் சேர்வதில்லை. ஜெல்லைப் பல்குத்தும் குச்சியால் இந்த வடிவத்தில் இழுத்து, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை கட்டு. கனமாகப் போட்டால் உள்ளே பால்போல் வெளுத்தே நின்றுவிடும். நுரைக்குச் சுத்த வெள்ளை கூடாது, சிறிது சாம்பலும் மஞ்சளும் கலந்துகொள். வடபக்கத்தில் ஜெல்லைத் தூரிகையால் லேசாகத் தட்டிவிட்டால் போதும்; கரைக்கு அருகில் ஏறக்குறையச் சமமாகவும், காற்று போகும் திசையில் விலக விலகச் சிற்றலை வளர்வதாகவும் இருக்கட்டும்.

வள்ளங்களைப் பற்றி ஒன்று மட்டும். 1964 புயலுக்கு முந்திய காலம் என்றால் பாய் விரித்தவை வேண்டும். இப்போதைய காலம் என்றால் ஃபைபரும் விசைப்படகும். நீ எந்த ஆண்டை நினைத்திருக்கிறாய் என்று எழுதவே இல்லை. ஆண்டு, மாதம், எந்தப் பக்கம் பார்வையாளருக்கு முன்னால் வரும் என்ற மூன்றையும் எழுது. காற்று மாறுவதற்குள் அதே கோணத்தில் நின்று நீரை நிழற்படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
செய்யது