சனிக்கிழமை படம்: தி ஃபைனல் வின்டர்

நண்பர்களே, இந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நாம் சேர்ந்து பார்ப்பது 2007இல் வந்த ஆஸ்திரேலியப் படம், ‘தி ஃபைனல் வின்டர்’.

1980களின் தொடக்கம், சிட்னி. நியூட்டவுன் ஜெட்ஸ் அணித் தலைவன் கிரப் ஹென்டர்சனுக்கு வயதாகிவிட்டது. ரக்பியின் ஒரு வகையான ரக்பி லீக்கில் பணம் நுழைய நுழைய, அவனுக்குத் தெரிந்த முரட்டு ஆட்டத்துக்கு இடம் குறைகிறது. தம்பியோ செயின்ட் ஜார்ஜ் அணியில். கதையை எழுதி கிரப்பாகவும் நடித்த மேத்யூ நேபிள், நிஜத்திலும் ரக்பி லீக் ஆடியவர். மோதும்போது அந்த உடம்பைப் பாருங்கள், நடிப்பென்றே தோன்றாது.

விதி தெரியாதவர்களுக்கு: அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கிப் பிடித்தால் பந்து எதிரணிக்கு. இவ்வளவு போதும்.

இன்னொன்று. நியூட்டவுன், 1908இல் சிட்னியில் ரக்பி லீக் போட்டி தொடங்கியபோதே இருந்த நிஜ அணி. 1981 இறுதி ஆட்டத்தில் பரமட்டாவிடம் தோற்றது. பண நெருக்கடியில் 1983க்குப் பிறகு முதல்நிலைப் போட்டியிலேயே இல்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கிரப்பின் பிடிவாதம் நெஞ்சை அடைக்கிறது. எனக்கு அடைத்தது.

அப்புறம், அடிதடியும் கெட்ட வார்த்தையும் நிறைய. குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு வாருங்கள். இணைப்பை 7.45க்கு இங்கேயே போடுகிறேன்.