ட்ரை ஐஸ்ல புகையைப் பார்த்து ஏமாறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் எங்க வீட்டுக்கு ஃப்ரீசர்ல வைக்க வேண்டிய மருந்து ஒண்ணு பார்சல்ல வந்துச்சு, தெர்மாகோல் பெட்டியைத் திறந்தா உள்ள சாக்பீஸ் உடைச்சுப் போட்ட மாதிரி வெள்ளை வெள்ளையா துண்டுங்க, என் பையன் ஐஸ்தானேன்னு கையை விடப் போனான், நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்ல இருந்தவங்கல்லாம் ஓடி வந்துட்டாங்க. அதைப் பத்தித்தான் எழுதறேன்.

அது தண்ணி ஐஸே இல்லைங்க. நாம வெளிய விடற மூச்சுல இருக்கே கார்பன் டை ஆக்சைடு, அதை அழுத்தி திரவமாக்கி சட்டுனு அழுத்தத்தை விட்டா ஒரு பங்கு பனித்தூளா உறைஞ்சிடும், அதை மெஷின்ல இறுக்கினா ட்ரை ஐஸ். மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ், வெறுங்கையில புடிச்சா தோல் தீப்பட்ட மாதிரி புண்ணாயிடும். இது உருகி ஓடாது, நேரா வாயுவா போயிடும். ஒரு ஸ்பூனை அது மேல அழுத்திப் பார்த்தேன், கீச்சுனு அலறுது! ஸ்பூனோட சூட்டுல வாயு கிளம்பி ஸ்பூனைத் தள்ளித் தள்ளி விடுது, அந்த அதிர்வுதான் சத்தம்.

ட்ரை ஐஸைப் போட்டு மேடையில வரவைக்கற வெள்ளைப் புகைதான் அந்த வாயுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. அது வெறும் நீர்த்துளி, ஈரக்காத்து குளிர்ந்து மூடுபனியா நிக்குது, அவ்வளவுதான். நிஜ வாயு கண்ணுக்கே தெரியாது, காத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோட தரையா தேங்கும், ஒரு கிலோ கட்டியிலருந்து 500 லிட்டருக்கு மேல வரும். கண்ணாடி ஏத்தின கார்லயோ ஜன்னல் சாத்தின சின்ன ரூம்லயோ இதை வச்சுக்கிட்டு இருந்தா தலை வலிக்கும், மூச்சு வாங்கும், மயங்கி விழுந்து உயிரே போகலாம். புகை அடங்கிடுச்சேன்னு அசந்துடக் கூடாது, தரையில உட்கார்ந்து விளையாடற குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து.

பாட்டில்ல போட்டு மூடியைத் திருகினா வெடிச்சிடும். ஜூஸ்ல போட்டுக் குடிக்கறப்போ ஒரு துண்டு உள்ள போயிட்டா வாயும் வயிறும் புண்ணாயிடும், அழகுக்காக இதைச் செய்யவே வேண்டாங்க.

நாங்க மருந்தை எடுத்துட்டு, கையுறை போட்டு பெட்டியைப் பசங்க கைக்கு எட்டாம பால்கனியில மூடியை இறுக்காம வச்சோம், மறுநாள் காலையில உள்ள ஒரு சொட்டு ஈரம்கூட இல்ல. ஆனா பெட்டி மேல இருந்த எச்சரிக்கை பொடி எழுத்துல இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்துச்சு, எங்க அம்மா தனியா வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அனுப்பறவங்க "தொடாதீங்க, மூடின ரூம்ல வைக்காதீங்க"ன்னு தமிழ்லயும் பெருசா ஒரு வரி ஒட்டணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி