பொருந்தாத சீட்டும் திரும்பி வராத அடித்தகடும்: பழைய புல்லட் உரிமையாளரின் புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் கண்டவாறு)
திருச்சிராப்பள்ளி

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
இருசக்கர வாகன உதிரிபாக விற்பனை நிறுவனம்
சென்னை

பொருள்: 1986-ஆம் ஆண்டு புல்லட் 350 வண்டிக்கு வாங்கிய சீட் பொருந்தாமை, மாதிரிக்கெனப் பெற்றுக்கொண்ட பழைய சீட்டின் அடித்தகட்டைத் திருப்பித் தராமை, தங்கள் ஊழியரின் மரியாதையற்ற பேச்சு ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தொலைபேசியில் பேசியும், மின்னஞ்சல் அனுப்பியும், நேரில் வந்து நின்றும் பயனில்லாமல் போன பிறகே இக்கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். தங்கள் இணையதளத்தில் ‘பழைய புல்லட், வலது பக்க கியர் மாடல், இரும்புத் தகட்டு அடிப்பாகம், அசல் அளவு’ என்று கொடுத்திருந்த விவரத்தை நம்பி, 4,650 ரூபாயை முழுவதும் முன்னதாகவே செலுத்தி, இருவர் அமரும் சீட் ஒன்றை வாங்கினேன். வந்த சீட் என் வண்டியில் பொருந்தவில்லை. அளவு பார்ப்பதற்கென்று தாங்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட என் பழைய சீட்டின் அடித்தகடும் இந்நாள்வரை என் கைக்கு வரவில்லை. புதியதும் இல்லை, பழையதும் இல்லை என்ற நிலையில், நன்றாக ஓடக்கூடிய வண்டி சீட் இல்லாமல் வீட்டு வாசலில் நிற்கிறது.

சீட்டில் என்ன குறை என்பதைத் தங்களுக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கக்கூடாது. பழைய வண்டிகளின் உதிரிபாகங்களையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், தான் விற்கும் சீட் எந்த வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) உட்காரும், எதில் உட்காராது என்பதை என்னைவிட நன்கு அறிந்திருக்கும் என்றுதான் நம்பினேன். இருந்தும் தாங்கள் எழுத்தில் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். முன்புறப் பிடிமானம் சட்டத்தில் தன் இடத்தைச் சேர்வதற்கு முன்பே சீட்டின் மூக்கு பெட்ரோல் டேங்கில் இடிக்கிறது. வலிந்து தள்ளி அதைச் சேர்த்தாலும், பின்புறத்து இரண்டு போல்ட்டுகளுக்கான துளைகள் வண்டியில் உள்ள துளைகளோடு நேர்படாமல் ஒரு விரற்கடை தள்ளியே நிற்கின்றன. அடிப்பாகம் இரும்புத் தகடு என்று எழுதியிருந்தீர்கள், வந்தது பிளாஸ்டிக். அடியில் சட்டத்தின்மேல் படியவேண்டிய ரப்பர் கட்டைகள் ஒன்றுகூட இல்லை. இது இடது கியரும் புதிய இன்ஜினும் கொண்டு பிற்காலத்தில் வந்த வண்டிக்கான சீட் என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே என் மெக்கானிக் சொல்லிவிட்டார். அவர் புல்லட் வேலையைத் தவிர வேறு வேலை செய்யாதவர்.

இதைத் தெரிவித்தபோது தங்கள் தொலைபேசி உதவிப் பிரிவில் கிடைத்த பதில், என் வண்டியின் சட்டம் வளைந்திருக்கும் என்பதாகும். அந்தச் சட்டத்தில் இத்தனை ஆண்டுகளாகப் பழைய சீட் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. மெக்கானிக்கைக் கொண்டு அளந்து, அந்தப் படங்களையும் அனுப்பினேன். அதற்கு மறுமொழியாக, பிற்கால வண்டிகளுக்கே உரிய ஏ.பி.எஸ். பிரேக் அமைப்பு உண்டா, பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. வண்டி 1986-இல் பதிவானது என்று நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியிலும் இருக்கிறது. என் கடிதங்களைத் தங்கள் அலுவலகத்தில் ஒருவரேனும் முழுமையாகப் படித்ததுண்டா என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகக் கருதுகிறேன்.

இந்த வண்டி ஏதோ கண்காணாத தேசத்தில் சில நூறு மட்டும் செய்யப்பட்டு மறைந்துபோன வண்டியன்று. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. காஸ்ட் அயர்ன் இன்ஜினும், நான்கு கியரும், வலது காலில் கியர் மாற்றும் அமைப்பும் கொண்ட அதே வண்டி பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வெளிவந்தது. அப்படிப்பட்ட வண்டிகள் திருச்சி, மதுரை, கோவை என்று எந்த ஊரிலும் இன்றும் ஓடுகின்றன. செங்குன்றத்தில் இருக்கும் தங்கள் கிடங்கிலிருந்து திருவொற்றியூர் எவ்வளவு தூரம்? அந்த வண்டி பிறந்த ஊருக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அதன் சீட்டின் அளவு தெரியாது என்று சொல்வதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?

செங்குன்றம் என்றதும் அந்த நாளைப் பற்றி எழுதாமல் மேலே செல்ல இயலவில்லை. ‘பழைய சீட்டின் அடித்தகட்டை நேரில் கொண்டுவந்தால், அதன்மேல் வைத்துப் பார்த்துச் சரியான சீட்டைக் கையோடு கொடுத்துவிடுவோம்’ என்று தங்கள் ஊழியர்தான் தொலைபேசியில் சொன்னார். அவர் சொன்ன நாளில், அவர் சொன்ன நேரத்திற்கு, அடித்தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து இரவுப் பேருந்தில் புறப்பட்டேன். விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, நகரத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை அந்தச் சுமையோடு வந்து சேர்ந்தால், அன்று சரக்குக் கணக்கெடுப்பு என்று சொல்லி வாயில் காவலர் உள்ளே விடவில்லை. தொலைபேசியில் பேசியவர் வேறு பிரிவு என்றும், அவர் சொன்னதற்குக் கிடங்கு பொறுப்பாகாது என்றும் பதில் வந்தது. உச்சி வெயிலில் வாயிற்கதவுக்கு வெளியே நின்றேன். உட்கார ஒரு நாற்காலியோ குடிக்கத் தண்ணீரோ தரப்படவில்லை. நான் அறுபதைக் கடந்தவன் என்பதை இங்கே எழுதவேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிற்பகலில் வெளியே வந்த மேற்பார்வையாளர் சாக்கைப் பிரித்து அடித்தகட்டைக் காலால் திருப்பிப் பார்த்தார். ஆம், கையால் அன்று, காலால். பிறகு அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே தருகிறேன்: “இதைக் காயலான் கடையில போட்டுட்டுப் புது வண்டி ஒண்ணு வாங்குங்க சார். இந்த இரும்புக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?” நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்வேன் என்று நான் சொன்னதற்கு, “தாராளமா கேஸ் போடுங்க, எத்தனையோ பேர் போட்டிருக்காங்க” என்றார். தொலைபேசி உதவிப் பிரிவில் என்னை அலைக்கழித்தவர்களையும், பாதிப் பேச்சில் இணைப்பைத் துண்டித்தவர்களையும்கூட என்னால் மறந்துவிட முடியும். அந்த மேற்பார்வையாளரின் பேச்சை மட்டும் மறக்க முடியவில்லை. அவர் காலால் புரட்டிய தகடு, என் தந்தையார் தம் சேமிப்பு முழுவதையும் செலவிட்டுப் புதிதாக வாங்கிய வண்டியோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த தகடாகும். அதே சீட்டில்தான் அவர் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கல்லூரியில் சேர்க்கக் கொண்டுசென்றார். தங்கள் ஊழியருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வாடிக்கையாளரின் பொருளைக் கையால் தொடவேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அத்தனைக்கும் பிறகு, அளவு பார்த்துவிட்டுக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி அவரே அடித்தகட்டை வாங்கி வைத்துக்கொண்டார். துண்டுச் சீட்டில் அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த ஒப்புகையின் நகலை இணைத்துள்ளேன். இப்போது கேட்டால், அப்படி எந்தப் பொருளும் கிடங்கின் பதிவேட்டில் இல்லை என்கிறார்கள். அது தங்களுக்குப் பழைய இரும்பாக இருக்கலாம். ஒரு மூலையில் துருப்பிடித்திருந்தாலும் மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருந்த அந்தத் தகட்டில், பட்டறையில் ஒட்டுப்போட்டு, புது ஃபோம் வைத்து, கறுப்பு ரெக்சினும் வெள்ளை பைப்பிங்கும் தைத்துத் தருவதாக எங்கள் ஊர் குஷன் கடைக்காரர் உறுதி கூறியிருந்தார். தங்களை நம்பியதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ரெக்சினும் ஃபோமும் எங்கும் கிடைக்கும். தொழிற்சாலை அச்சில் அடித்த தகடு எங்கே கிடைக்கும்? சென்னையில் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கியும் நெளிந்து நசுங்கியவை தவிர வேறு கிடைக்கவில்லை. சொல்லப்போனால் தங்கள் நிறுவனம் தொலைத்தது வண்டியின் உயிரையே தொலைத்ததற்கு ஒப்பாகும்; அதற்கு என்ன விலை வைத்தாலும் ஈடாகாது.

இன்னொரு செய்தியையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். பதிவாகிப் பதினைந்து ஆண்டுகள் கடந்த வண்டியின் பதிவுச் சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. என் வண்டிக்கு அந்த முறை இப்போது வந்துள்ளது. சீட் இல்லாத வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் முன் எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவேன்? தாமதமாகும் ஒவ்வொரு மாதத்திற்கும் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் கட்டவேண்டும். தங்கள் சீட்டையே கம்பியால் கட்டி ஓட்டிப் பார்க்கும்படி ஒரு பெண் ஊழியர் தொலைபேசியில் அறிவுரை கூறினார். அவர் பணிவாகவே பேசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பின்னால் அமர்பவர், வண்டியோடு உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில்தான் அமரவேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு சொல்கிறது. என் மனைவி சேலை உடுத்தி ஒருபக்கமாக உட்கார்ந்து வருபவர். ஆடுகிற சீட்டில் அவரை அப்படி உட்காரவைத்து நெடுஞ்சாலையில் செல்லச் சொல்கிறீர்களா? அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் தங்கள் நிறுவனத்தில் யார் வந்து பதில் சொல்வார்கள்?

தங்கள் நிறுவனத்தின்மீது பகை கொண்டு இதை எழுதவில்லை. இதே புல்லட்டுக்குச் செயின் கவரும் பக்கவாட்டுப் பெட்டிகளின் பூட்டும் முன்பு தங்களிடம்தான் வாங்கினேன். இரண்டும் நல்ல பொருள்கள், குறைசொல்ல ஒன்றுமில்லை. பழைய வண்டிகளைக் காப்பாற்றி ஓட்டுகிறவர்களுக்குத் தங்களைப் போன்றவர்கள் இருப்பது பெரிய உதவி என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். தாங்கள் இதைத் தங்களுக்குள்ளேயே தீர்த்துவைத்தால் எனக்கும் நிம்மதி, தங்களுக்கும் நற்பெயர்.

எனவே தாங்கள் செய்யவேண்டியவற்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன். முதலாவதும் முக்கியமானதும், என் பழைய அடித்தகட்டைக் கிடங்கில் தேடி எடுத்து, நெளியாதபடி மரச்சட்டம் கட்டிப் பத்திரமாக என் முகவரிக்கு அனுப்பவேண்டும். கழிவு இரும்போடு அது போய்விட்டதென்றால் அதை மறைக்காமல் எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதே காலத்து வண்டியின் நல்ல நிலையிலுள்ள தொழிற்சாலைத் தகடு ஒன்றைத் தங்கள் செலவில் தேடித் தரவேண்டும். அடுத்து, தங்கள் பிளாஸ்டிக் சீட்டைத் தங்கள் ஆளே வந்து எடுத்துச்செல்ல ஏற்பாடு செய்து, 4,650 ரூபாயையும் எனக்கு ஆன போக்குவரத்துச் செலவையும் என் வங்கிக் கணக்கில் செலுத்தவேண்டும். அதற்குப் பதிலாக வேறு சீட் தருவதாகச் சொன்னால், அது வலது கியர் வண்டியின் சட்டத்தில் பொருத்திப் பார்த்த சீட் என்பதற்கான படத்தை முதலில் அனுப்புங்கள்; பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன். தங்கள் இணையதளத்தில் கூப்பன் தருவதாக வந்த மின்னஞ்சலை நான் ஏற்கவில்லை. அந்த மேற்பார்வையாளர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

திறந்து பொருத்திப் பார்த்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்பது தங்கள் விதி என்று சொன்னார்கள். பொருத்திப் பார்க்காமல் பொருந்தவில்லை என்பதை எப்படி அறிவது? விளம்பரத்தில் சொன்ன தன்மையோடு ஒத்துவராத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் உள்ளது. புகாரை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்திற்குள் தீர்க்கவேண்டிய பொறுப்பும் குறைதீர்ப்பு அலுவலராகிய தங்களுக்கே உரியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நான் வசிக்கும் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளின் வழக்கிற்குக் கட்டணமும் கிடையாது. இந்த முறை செங்குன்றத்திற்கு நான் வரவேண்டியதில்லை, திருச்சிக்குத் தாங்கள் வரவேண்டியிருக்கும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையீட்டைப் பதிவுசெய்துவிட்டு, சீட்டின் விலை, அடித்தகட்டின் மதிப்பு, செலவுகள், மன உளைச்சலுக்கான இழப்பீடாக 1,00,000 ரூபாய் ஆகிய அனைத்தையும் கோரி ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். ரசீது, தங்கள் விளம்பரத்தின் அச்சுப்படி, துளைகள் விலகி நிற்பதைக் காட்டும் படங்கள், மேற்பார்வையாளரின் கையொப்பமிட்ட துண்டுச் சீட்டின் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். மூலப் பிரதிகளை என்னிடமே வைத்திருக்கிறேன். அவற்றை நேரில் கொண்டுவரும்படி தயவுசெய்து கேட்காதீர்கள். அடித்தகட்டை அனுப்பும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், வீட்டில் இருந்து பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்